பிளக் பொருந்தும், பேச்சு பொருந்துமா?

ஒன்பது துளையின் புதிர்

மதுரையில் 1990-களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் ஓர் அட்டைப்பெட்டி கிடைக்கலாம். டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் அதற்குள் இருக்கும். மேலே சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று ஏதோ ஒரு பெயர். கூடவே நாலைந்து கேசட், வயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக். பெட்டி உயிர்விட்டுப் பல காலம் ஆகியிருக்கும். ஜாய்ஸ்டிக் மட்டும் அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமுங்கி எழும்.

அதைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு ஒரு யோசனை தோன்றும். அதே மரியோவும் கான்ட்ராவும் இப்போது கணினியில் ஓடுகின்றன. கீபோர்டில் ஆடினால் பழைய சுகம் இல்லை. இந்த ஜாய்ஸ்டிக்கையே கணினியில் மாட்டிவிட்டால் என்ன? பழைய டெஸ்க்டாப் ஒன்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஆசை இன்னும் கூடும். அங்கே மேலே ஐந்தும் கீழே நான்குமாக ஒன்பது ஊசிகள். ஜாய்ஸ்டிக் பிளக்கிலும் மேலே ஐந்து, கீழே நான்கு, மொத்தம் ஒன்பது துளைகள். செருகினால் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் திரையில் எதுவும் அசைவதில்லை.

பொருந்துகிற பிளக் ஏன் வேலை செய்ய மறுக்கிறது? இந்தக் கேள்விக்குள் ஒரு சின்ன அறிவியல் ஒளிந்திருக்கிறது. இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது வடிவம்: ஊசி துளையில் நுழைய வேண்டும். இரண்டாவது மின்னழுத்தம்: எத்தனை வோல்ட் ‘ஆம்’, எத்தனை வோல்ட் ‘இல்லை’ என்பதில் உடன்பாடு வேண்டும். மூன்றாவது நேரம்: எப்போது கேட்பது, எப்போது சொல்வது. நான்காவது பொருள்: சொன்னது என்ன பொத்தான் என்பது. கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான். அதனால்தான் அது நம்மை ஏமாற்றுகிறது.

ஒரு பிளக், பல குடும்பங்கள்

அந்த ஒன்பது ஊசி இணைப்பியின் வயது நம் வீடியோ கேமைவிட நாற்பது ஆண்டு மூத்தது. அமெரிக்காவின் கேனன் நிறுவனம் இந்த வகை இணைப்பிகளை 1952-இல் கொண்டுவந்தது. சுற்றியுள்ள தகடு ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வளைந்திருக்கும். அப்படி வளைத்ததற்குக் காரணம் உண்டு: தலைகீழாகச் செருக முடியாது. ஒரே ஒரு தவறை அந்த வடிவம் தடுக்கிறது. மற்றத் தவறுகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

1977-இல் வந்த அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டி இதை ஜாய்ஸ்டிக்குக்கு எடுத்துக்கொண்டது. காமடோர் 64, அமீகா, அட்டாரி எஸ்டி முதலிய வீட்டுக் கணினிகள் அதே வழியில் போயின. 1984-இல் ஐ.பி.எம். தன் ஏ.டி. கணினியில் அதே ஒன்பது ஊசியை சீரியல் போர்ட்டுக்கு வைத்தது. மோடம், மவுஸ் போன்றவை அதில் மாட்டப்பட்டன. 1988-இல் சேகாவின் மெகா டிரைவும் இதையே பயன்படுத்தியது.

நம் ஊர்ப் பெட்டிகள் வேறொரு கிளை. அவற்றின் மூலம், நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம். அதில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் கழற்ற முடியாதபடி பெட்டியோடு கோக்கப்பட்டிருந்தன. பிறகு தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் அந்த மின்சுற்றைப் பார்த்துத் தாங்களே சில்லுகள் செய்தன. அவற்றை வைத்து ஆசியா முழுவதும் நகல் பெட்டிகள் பெருகின. நகல் செய்தவர்களுக்குக் கழற்றி மாட்டும் ஜாய்ஸ்டிக் தேவைப்பட்டது. கடையில் மலிவாகக் கிடைத்த ஒன்பது ஊசி இணைப்பியைப் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். இப்படித்தான் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நாலைந்து குடும்பங்களுக்கு ஒரே வாசல் அமைந்தது.

பொத்தானுக்கு ஒரு கம்பி

முதலில் எளிய குடும்பத்தைப் பார்ப்போம். அட்டாரி ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் உள்ளே சில்லு எதுவும் இருக்காது. மேல், கீழ், இடம், வலம், சுடு என்று ஐந்து சுவிட்சுகள், அவ்வளவுதான். ஒன்று முதல் நான்கு வரையான ஊசிகள் நான்கு திசைகள். ஆறாவது, சுடும் பொத்தான். எட்டாவது, தரைக்கம்பி, மின்சாரம் திரும்பிப்போகும் வழி.

கணினி ஒவ்வொரு கம்பியையும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்டில் தூக்கிப் பிடித்திருக்கிறது. சுவிட்சை அழுத்தினால் அந்தக் கம்பி தரையோடு சேர்ந்து 0 வோல்டுக்கு இறங்கும். கணினி எட்டிப் பார்க்கிறது: 5 என்றால் அழுத்தவில்லை, 0 என்றால் அழுத்தியிருக்கிறது. அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0 என்று வருவது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் சுவிட்சை தரையோடு இணைப்பதுதான் மலிவு. ஜாய்ஸ்டிக்குக்குள் 5 வோல்டைக் கொண்டுபோகவே வேண்டாம். இந்தத் தலைகீழ்க் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே குடும்பம்போல் தெரிந்தாலும் இங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. காமடோர் 64 தன் 5 வோல்டை ஏழாவது ஊசியில் தருகிறது. மெகா டிரைவின் ஜாய்ஸ்டிக்கான பேட் தனக்கான 5 வோல்டை ஐந்தாவது ஊசியில் எதிர்பார்க்கிறது. ஏழாவது ஊசி அதற்குக் கட்டளை வாங்கும் வாய். மெகா டிரைவ் பேடை அப்படியே காமடோரில் செருகினால் சில பொத்தான்கள் வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் மின்சாரம் தவறான வழியில் புகுந்து கணினியின் சில்லைக் கெடுத்துவிடக்கூடும். பாதி வேலை செய்வது, வேலையே செய்யாததைவிட ஆபத்தானது.

ஏமாற்றவா, கற்றுக்கொடுக்கவா?

இந்தியாவில் வீட்டுக் கணினி என்ற பேச்சு எழுந்த காலத்தில், 1986-இல், டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை உரிமம் பெற்று விற்றது. அந்தக் கணினியில் ஜாய்ஸ்டிக் மாட்ட வாசலே கிடையாது. பின்புறம் சுற்றுப்பலகையின் விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அட்டாரி ஜாய்ஸ்டிக்கை இதில் வேலை செய்யவைக்க இரண்டு விதமான மாற்றிகள் வந்தன. இன்றுவரை உலகில் செய்யப்படும் ஏறத்தாழ எல்லா மாற்றிகளும் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவைதான்.

முதல் வகை, கெம்ப்ஸ்டன் நிறுவனத்தின் மாற்றி. அது கணினிக்குப் புதிதாக ஒரு கதவு எண் தந்தது: 31. விளையாட்டை எழுதுபவர் அந்தக் கதவில் கேட்டால் ஐந்து சுவிட்சுகளின் நிலையும் ஐந்து இலக்கங்களாக வரும். அழுத்தினால் 1, இல்லாவிட்டால் 0. மாற்றியே தலைகீழ்க் கணக்கை நேராக்கித் தந்தது. ஆனால் அந்தக் கதவைப் பற்றித் தெரியாத விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் இருப்பதே தெரியாது. இது கணினிக்குப் புதுக் கருவியைக் கற்றுக்கொடுக்கும் வழி.

இரண்டாவது வகை, சின்க்ளேரே விற்ற ‘இன்டர்ஃபேஸ் 2’. ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் கீபோர்டில் 6 என்ற விசையை யாரோ அழுத்தியதாகக் கணினி நினைக்கும். வலப்பக்கம் 7, கீழே 8, மேலே 9, சுட்டால் 0. எந்த விசையால் ஆடலாம் என்று ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கவிடும் விளையாட்டுகள் எல்லாம் இதனுடன் உடனே ஒத்துழைத்தன. இது கணினியை ஏமாற்றும் வழி. கேட்கச் சற்று மட்டமாக இருந்தாலும், பழைய மென்பொருளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் வேலையை முடித்துவிடும்.

இன்னொரு கணினி இன்னொரு பாடம் சொல்கிறது. மத்திய அரசு 1984-85-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அந்தக் கணினியின் ஜாய்ஸ்டிக் வாசலில் 15 துளைகள்; அது கேட்பதும் வேறு. ‘தள்ளினாயா?’ என்று கேட்பதில்லை, ‘எவ்வளவு தள்ளினாய்?’ என்று மின்னழுத்தத்தை அளக்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த அட்டாரி ஜாய்ஸ்டிக்கை அதில் மாட்ட வேண்டுமானால் மின்தடைகளைச் சேர்த்து, தள்ளாதபோது நடு அளவு, தள்ளினால் ஒரு கோடி அல்லது மறுகோடி என்று பொய்யாக ஓர் அளவை உண்டாக்க வேண்டும்.

எட்டுப் பொத்தான், மூன்று கம்பி

இப்போது பரணில் கிடந்த, இதுவரை ஜாய்ஸ்டிக் என்று அழைத்த பேடுக்கு வருவோம். நிண்டெண்டோ வழி வந்த பேடில் எட்டுப் பொத்தான்கள்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், நான்கு திசைகள். பொத்தானுக்கு ஒரு கம்பி என்றால் எட்டு, தரைக்கம்பியோடு ஒன்பது. ஒன்பது ஊசிக்குச் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஐந்தே கம்பிகள். மின்சாரத்துக்கும் தரைக்குமாக இரண்டு போனால் மீதி மூன்று. மூன்று கம்பியில் எட்டுப் பொத்தான்களின் சேதி எப்படிப் போகிறது?

பதில் பேடுக்குள் இருக்கும் ஒரு சில்லு. மூலப் பேடில் அது 4021 என்ற எண் கொண்ட சாதாரண ஐ.சி. நகல் பேடுகளில் பலகையின் மேல் கறுப்புப் பசை சொட்டியதுபோல் உறைந்திருக்கும் பொட்டுக்குள் அதே வேலையைச் செய்யும் சில்லு புதைந்திருக்கும். இந்த வகைச் சில்லை நகர்வுப் பதிவகம் எனலாம்: பல நிலைகளை ஒரே நொடியில் பதிந்துகொண்டு, ஒவ்வொன்றாக நகர்த்தி வெளியே தள்ளுவது அதன் வேலை.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஜன்னல் ஒன்றுதான். முதல் மணி அடித்ததும் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றுவிட வேண்டும், கார்டு இருக்கிறதா இல்லையா என்பது அந்த நொடியில் முடிவாகிவிடும். முன்னால் நிற்பவர் ஏற்கெனவே ஜன்னலில் இருக்கிறார். அவர் நிலை உடனே தெரிகிறது. அடுத்த ஒவ்வொரு மணிக்கும் வரிசை ஓர் இடம் நகர்கிறது, அடுத்தவர் ஜன்னலுக்கு வருகிறார்.

முதல் மணி அடிக்கும் கம்பிக்குப் பிடிப்புக் கம்பி என்று பெயர் வைப்போம். நகர்த்தும் மணிக்கு நகர்வுக் கம்பி. ஜன்னல்தான் தகவல் கம்பி. இந்த அமைப்பின் முக்கியமான குணம் ஒன்று: பேட் தானாக எதையும் சொல்லாது. பெட்டி மணி அடித்தால்தான் பதில் வரும். யாரும் கேட்காதபோது நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் அது யாருக்கும் தெரியாமல் போகும்.

மரியோ தாவும்போது

ஒரே ஒரு உதாரணத்தை நிதானமாகப் பின்தொடர்வோம். மரியோ வலப்பக்கம் ஓடிக்கொண்டே தாவ வேண்டும். உங்கள் இடது கட்டைவிரல் ‘வலம்’ திசையில், வலது கட்டைவிரல் ஏ பொத்தானில்.

பொத்தான்கள் வெளியே வரும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். இங்கும் அழுத்தினால் 0, அழுத்தாவிட்டால் 1. ஆகவே தகவல் கம்பியில் வருவது:

0 1 1 1 1 1 1 0

முதல் 0 ஏ பொத்தான், கடைசி 0 வலம். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சில்லு இதைத் தலைகீழாக்கி 1 0 0 0 0 0 0 1 என்று மாற்றித் தருகிறது. விளையாட்டு நிரல் அதைப் படித்து மரியோவைத் தாவவைக்கிறது.

இதற்கு எவ்வளவு நேரம்? ஒவ்வொரு துடிப்புக்கும் 12 மைக்ரோ நொடி வைத்தால், ஒரு பிடிப்பும் எட்டு நகர்வும் சேர்ந்து 108 மைக்ரோ நொடி. நம் நாட்டு டிவி முறையில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுகிறது. விளையாட்டும் பெரும்பாலும் திரைக்கு ஒரு முறை என்று நொடிக்கு 50 முறை பேடைக் கேட்கிறது. அதாவது 20 மில்லி நொடிக்கு ஒரு கேள்வி. அந்த இடைவெளியில் உரையாடலுக்குப் போவது ஏறத்தாழ 185-இல் ஒரு பங்கு. மீதி நேரமெல்லாம் பேட் சும்மா இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். பிடிப்புத் துடிப்பு முடிந்ததுமே ஏ பொத்தானின் நிலை தகவல் கம்பியில் வந்து நின்றுவிடும். முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம்தான் நகர்த்த வேண்டும். மாற்றிக்கு நிரல் எழுதும்போது முதலில் நகர்த்திவிட்டுப் படித்தால் என்ன ஆகும்? ஏ தொலைந்துபோகும். பி-யின் நிலை ஏ இடத்தில் வந்து உட்காரும். வலத்தை அழுத்தினால் இடம் என்று காட்டும். எட்டாவது இடத்துக்கு ஆள் இல்லை. நிண்டெண்டோவின் சொந்தப் பேடில் எட்டுக்குப் பின் கம்பியில் வருவது எப்போதும் 0. அழுத்தினால் 0 என்பது கணக்கு அல்லவா? ஆகவே யாரும் தொடாமலே ‘வலம்’ அழுத்தியே இருப்பதாகத் தெரியும். மரியோ தன் பாட்டுக்கு வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தால், சில்லு கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நேரத்தில் ஓர் அடி பிசகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சீரியல் போர்ட்டில் செருகியபோது

முதல் புதிருக்கு இப்போது முழு விடை சொல்லலாம். நகல் பேடுகளில் பரவலாகக் காணப்படும் ஊசி வரிசை இது: 2 தகவல், 3 பிடிப்பு, 4 நகர்வு, 6-இல் 5 வோல்ட், 8 தரை. கணினியின் சீரியல் போர்ட்டில் அதே எண்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

பேட் மின்சாரத்தை எதிர்பார்க்கும் ஆறாவது ஊசி, சீரியல் போர்ட்டில் சேதி வாங்கும் வாய். அங்கிருந்து மின்சாரம் வராது. பேடின் தரையான எட்டாவதும் அப்படியே; சீரியல் போர்ட்டின் உண்மையான தரை ஐந்தாவது ஊசியில் இருக்கிறது. மூன்றாவது ஊசியில்தான் வினை. சீரியல் போர்ட் சேதி அனுப்பும் கம்பி அது. அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவை 5 வோல்டும் 0 வோல்டும் அல்ல, 3 முதல் 15 வோல்ட் வரை கூட்டலும் கழித்தலுமாக இருக்கும். மேசைக் கணினிகளில் சேதி எதுவும் போகாத நேரத்தில் அந்தக் கம்பி வழக்கமாக கழித்தல் 12 வோல்ட் அளவில் நிற்கும். 0-க்கும் 5-க்கும் நடுவே வாழப் பழகிய பேடின் பிடிப்புக் கம்பியில் போய் அது முட்டுகிறது. சில்லு பிழைத்தால் அது போர்ட் தரக்கூடிய மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர் மட்டுமே என்பதால்தான்.

வடிவம் நூற்றுக்கு நூறு பொருந்தியது. மின்னழுத்தம், நேரம், பொருள் மூன்றும் தோற்றன.

பழைய மேசைக் கணினியில் வழியே இல்லை என்பதல்ல. பக்கத்திலேயே இருந்த 25 துளை பிரிண்டர் போர்ட் 5 வோல்ட் கணக்கில் பேசுவது. லினக்ஸின் கருவுக்குள்ளேயே ‘கேம்கான்’ என்றொரு சிறு நிரல் உண்டு. செக் நாட்டு நிரலர் வோய்டெக் பாவ்லிக் எழுதியது. பிரிண்டர் போர்ட்டின் ஊசிகளை இஷ்டம்போல ஆட்டி, அதுவே பிடிப்பு, நகர்வு மணிகளை அடித்து பேடைப் படிக்கும். பேடுக்கு மின்சாரம்? தகவல் ஊசிகள் சிலவற்றை எப்போதும் உயர்நிலையில் வைத்து, டயோடுகள் வழியாக ஒன்றுசேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். மாற்றிக்குள் சில்லே கிடையாது; கம்பியும் டயோடும்தான்.

‘யார் நீ?’ என்று கேட்கும் கணினி

அந்த வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வீடுகள் பலவற்றில் முதல் கணினி என்பதே பள்ளிப் பிள்ளையின் மடிக்கணினிதான். அதில் சீரியல் போர்ட்டும் இல்லை, பிரிண்டர் போர்ட்டும் இல்லை. இருப்பது யூ.எஸ்.பி. மட்டும்.

யூ.எஸ்.பி. வயரில் நான்கு கம்பி, பேடில் ஐந்து. இரண்டிலும் 5 வோல்டும் தரையும் இருக்கின்றன. மீதியை எப்படியாவது முறுக்கி இணைத்துவிட்டால் ஆகாதா? ஆகாது. 1996-இல் முதல் பதிப்பு வெளிவந்த யூ.எஸ்.பி. முறையில் கருவியை மாட்டியதும் கணினி முதலில் கேட்பது ‘யார் நீ?’ என்றுதான். கருவி தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைத் தர வேண்டும்: என் தயாரிப்பாளர் எண் இது, நான் மனிதர் இயக்கும் கருவிகளின் வகுப்பைச் சேர்ந்தவன், எனக்கு இத்தனை பொத்தான்கள், இத்தனை திசைகள். பேடுக்குள் இருக்கும் சில்லுக்கு இந்தக் கேள்வியே புரியாது.

ஆனால் இதே அமைப்பு பெரிய நன்மை ஒன்றையும் செய்கிறது. பழைய காலத்தில் எந்த ஊசி எந்தப் பொத்தான் என்பதை விளையாட்டு எழுதுபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இப்போது பொருளைக் கருவியே தன் கையில் கொண்டுவருகிறது. குறிப்பைச் சரியாக எழுதிவிட்டால் விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி நிரல் எதையும் நிறுவ வேண்டாம். ‘நான் ஒரு கேம்பேட்’ என்று சொல்லலாம். அது கெம்ப்ஸ்டன் வழி. ‘நான் ஒரு கீபோர்டு’ என்றும் சொல்லலாம். அது இன்டர்ஃபேஸ் 2 வழி. கேம்பேட் தெரியாத பழைய விளையாட்டுக்கு இரண்டாவதே நல்லது.

மேசை மேல் வேலை

ஆக, நடுவில் ஒரு சிறு கணினி வேண்டும். ஒரு பக்கம் பேடிடம் மணி அடிக்கத் தெரிந்ததாக, மறுபக்கம் யூ.எஸ்.பி.யில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தெரிந்ததாக. அதை நுண்கட்டுப்படுத்தி என்போம். யூ.எஸ்.பி. பேசும் திறன் சில்லுக்குள்ளேயே அமைந்த ஏ.டி.மெகா 32யூ4 பலகை, அல்லது 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ இதற்குப் போதும்; இரண்டும் கட்டைவிரல் நீளப் பலகைகள்.

வயரை வெட்ட வேண்டாம். ஒன்பது ஊசி கொண்ட ஓர் இணைப்பியை வாங்கி நுண்கட்டுப்படுத்தியின் பக்கம் பற்றவைத்தால் போதும். பேட் தன் பழைய பெட்டிக்கும் திரும்பிப் போகலாம். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். நகல் தயாரிப்பாளர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். பேடின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் ரப்பர் மெத்தையும் அதன் அடியில் கரும்பொட்டுகளும் தெரியும். எல்லாப் பொத்தான்களையும் ஒரு பக்கத்தில் தொட்டுக்கொண்டு ஓடும் பொதுத் தடம்தான் தரை. மல்டிமீட்டரை பீப் சத்தம் தரும் நிலையில் வைத்து, எந்தத் துளை அந்தத் தடத்தோடு சேர்கிறது என்று பார்த்துவிடலாம். மின்சாரக் கம்பியையும் அதேபோல் சில்லின் பக்கம் பின்தொடர்ந்து கண்டுகொள்ளலாம்.

மீதி மூன்று கம்பிகளில் எது பிடிப்பு, எது நகர்வு, எது தகவல்? மூன்று பேரை மூன்று நாற்காலியில் உட்காரவைக்க ஆறு வழிகள்தான் உண்டு. ஒவ்வொரு கம்பியிலும் ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைக் கோத்துவிட்டால், தவறாக இணைத்தாலும் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் எரியாது. ஆறையும் முயன்று பார்க்கலாம். எதையும் தொடாதபோது எட்டும் 1 ஆக இருந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஓர் இலக்கம் மட்டும் 0 ஆகிறதா? அதுதான் சரியான வரிசை.

வோல்ட் கணக்கில் ஒரு எச்சரிக்கை. 32யூ4 பலகையின் 5 வோல்ட் வகை பேடோடு இயல்பாகப் பொருந்தும். பிக்கோவோ 3.3 வோல்டில் வேலை செய்வது. அதன் ஊசிகள் 5 வோல்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. பேடுக்கு 5 வோல்ட் கொடுத்தால் தகவல் கம்பியில் 5 வோல்ட் வந்து பிக்கோவின் தலையில் விழும். வழி எளிது: பேடுக்கே 3.3 வோல்ட் கொடுங்கள். 4021 சில்லு 3 வோல்டிலிருந்தே வேலை செய்யக்கூடியது. கறுப்புப் பொட்டுச் சில்லுகளிலும் முதலில் 3.3 வோல்டில் தொடங்கிப் பார்ப்பதே முறை.

பொருள் பக்கத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். கேம்பேடாக அறிமுகமாகும்போது திசைகளைப் பொத்தான்களாகச் சொல்லாமல் இரண்டு அச்சுகளாகச் சொல்வது வழக்கம்: இடக்கோடி கழித்தல் 127, வலக்கோடி 127, நடுவில் 0. பள்ளியில் வரைபடத்தாளில் மேலே போனால் கூட்டல் என்று படித்திருக்கிறோம். திரையில் எண்ணுவது மேலிருந்து கீழாக. ஆகவே ‘மேல்’ என்பது கழித்தல் 127. இதை மாற்றி எழுதினால் மரியோ ஏணியில் ஏறச் சொன்னால் இறங்குவார்.

கேட்கும் வேகம்

வேலை முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு புதுத் தொல்லை தலைகாட்டும். ஒரு முறை அழுத்தினால் மெனுவில் இரண்டு வரி தாண்டுகிறது. பழைய பெட்டியில் இந்தப் பேட் இப்படிச் செய்ததே இல்லை. பேட் கெட்டுவிட்டதா?

பேட் மாறவில்லை, கேட்பவர் மாறிவிட்டார். எந்தச் சுவிட்சும் மூடும்போது ஒரே முறையில் மூடுவதில்லை. தொட்டு, விலகி, மறுபடி தொட்டுச் சில மில்லி நொடி துள்ளிவிட்டுத்தான் அடங்கும். பழைய ரப்பரில் இது இன்னும் அதிகம். பழைய பெட்டி 20 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்த்தது. இரண்டு பார்வைகளுக்கு நடுவே துள்ளல் அடங்கிவிடும். பெட்டிக்கு அது தெரியவே வராது. நுண்கட்டுப்படுத்தியை நொடிக்கு ஆயிரம் முறை கேட்கச் சொன்னால் ஒவ்வொரு துள்ளலையும் அது புது அழுத்தமாக எண்ணிவிடும். மருந்து: ஒரு பொத்தான் நிலை மாறியதும் அடுத்த 5 மில்லி நொடிக்கு அந்தப் பொத்தானில் வேறு மாற்றம் எதையும் ஏற்காதே என்று நிரலில் எழுதிவிடுவது. அழுத்திய கணமே சேதி போய்விடும், துள்ளல் மட்டும் வடிகட்டப்படும்.

எதிர்த்திசையில், புது யூ.எஸ்.பி. பேடைப் பழைய விளையாட்டுப் பெட்டிக்கு மாட்டுவது இன்னும் கடினம். இங்கே மாற்றியே கணினியின் இடத்தில் இருந்து ‘யார் நீ?’ என்று கேட்க வேண்டும். அதோடு, பழைய பெட்டி மணி அடித்தால் சில மைக்ரோ நொடிக்குள் பதில் தந்தாக வேண்டும், யூ.எஸ்.பி. பேடைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல நேரம் கிடையாது. ஆகவே மாற்றி, புது பேடிடம் கேட்டு வாங்கிய கடைசிப் பதிலை நினைவில் தயாராக வைத்திருக்கிறது. மணி அடித்ததும் அதையே எடுத்து நீட்டுகிறது. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாத இடத்தில் நடுவில் ஒரு நினைவகம் வைப்பது பொறியியலின் பழைய தந்திரம்.

யார் யாருக்காக வளைவது?

இதெல்லாம் பழைய விளையாட்டுப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. பேட் என்பது இரண்டு கைகளும் பத்து விரல்களும் சீராக இயங்கும் ஒருவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பக்கவாதத்தாலோ பிறவியிலோ கை முழுதாக இயங்காதவருக்கு அதன் வடிவமே தடை. மைக்ரோசாஃப்ட் 2018-இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இந்தத் தடையை நீக்க எடுத்துக்கொண்ட வழி, இந்த அத்தியாயத்தில் நாம் முதலில் பார்த்த மிகப் பழைய வழிதான்: பொத்தானுக்கு ஒரு கம்பி. அதன் பின்புறம் வரிசையாக 3.5 மில்லி மீட்டர் துளைகள், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்று. இரண்டு கம்பிகளைத் தொடவைக்கும் எந்தச் சுவிட்சையும் அதில் மாட்டலாம்: காலால் மிதிப்பது, முழங்கையால் இடிப்பது, தலையைச் சாய்த்தால் அழுந்துவது.

அதே வேலையை, சில பொத்தான்களோடு, நம் மேசை மேல் இருக்கும் நுண்கட்டுப்படுத்தியும் செய்யும். பேடுக்குப் பதிலாக நாலைந்து பெரிய சுவிட்சுகள், யூ.எஸ்.பி. பக்கம் ‘நான் ஒரு கீபோர்டு’ என்ற அறிமுகம். ஒரு சுவிட்ச் இடைவெளி விசையாகலாம், இன்னொன்று அம்பு விசையாகலாம். விளையாட்டு மட்டுமல்ல, பாடப்புத்தகப் பக்கம் திருப்புவதும் வங்கிப் படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் போவதும் அதில் நடக்கும். வடிவம், மின்னழுத்தம், நேரம் ஆகிய மூன்றையும் சில்லு பார்த்துக்கொள்கிறது. எந்த அசைவுக்கு என்ன பொருள் என்பதைப் பயன்படுத்துபவரின் உடலைக் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். அதை எழுத நிரலில் சில வரிகள் போதும்.